கட்டளை வராத நொடி

சவரிமுத்து மூன்றாம் முறையாக மின்சுற்றுப் போர்டைச் செய்து முடித்தார்.

"இனி இதுல குத்தம் சொல்ல ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

முப்பது வருடம் மில் தொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்தவர். மில் மூடியபின், ஐம்பத்தெட்டு வயதில், தன்னைவிட இருபது வயது இளைய பெண்ணான நாகரத்தினத்திடம் மின்னணு வேலை கற்கிறார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கான போர்டு அது. நாளைக் காலை அந்த இயந்திரத்தின்முன் நிற்கப்போகிறவர் அச்சகத் தொழிலாளி ஜமீலா. காகிதக் கட்டை இரண்டு கைகளாலும் தட்டிச் சீர்செய்வது அவர் வழக்கம்.

"அப்ப கத்திக்குக் கீழ கைய வெச்சுட்டு சுவிட்சப் போடுங்க, தோழர்" என்றார் நாகரத்தினம்.

சவரிமுத்து கையை வைக்கவில்லை. காகிதக் கட்டை வைத்தார். சுவிட்சைப் போட்டார். வெட்டும் பட்டனை யாரும் தொடவில்லை. கத்தி ஒரு விரற்கடை துள்ளி இறங்கியது.

"மறுபடியுமா! சிப்புல போட்ட புரோகிராமுல முதல் வரியே 'சும்மா இரு'ன்னுதானே எழுதியிருக்கேன். இந்தச் சனியனுக்கு இன்னும் எத்தனை தடவ சொல்றது, அம்மணி?"

"சிப்பு முழிச்சு அந்த வரியப் படிக்க எவ்வளவு நேரமாகும்?"

"கண்ணு மூடித் தொறக்கற நேரம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாது."

நாகரத்தினம் கத்தியின் இணைப்பைப் பிரித்து, அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கை மாட்டினார். கத்திக்கு மின்சாரம் விடும் ரெகுலேட்டருக்கு எனேபிள் என்று ஒரு கால் உண்டு. ஓடு, நில் என்ற கட்டளை அதன் வழியாகத்தான் போகும். அதற்கு வரும் கம்பியைச் சிப்பிலிருந்து கழற்றி அந்தரத்தில் விட்டார். விரலை அருகே கொண்டுபோனார். தொடவில்லை. விளக்கு மினுக்கென்று எரிந்தது.

"சிப்பு முழிக்கற வரைக்கும் இந்தக் கம்பி இப்படி அந்தரத்துலதான். யாருங்க எரியச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"எரியாதேன்னு?"

"அதையும்தான் யாரும் சொல்லல!"

கம்பியைப் பழையபடி சேர்த்துவிட்டு, ஒரு ரெசிஸ்டரை நீட்டினார். "எனேபிளுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இத வெச்சு ஈயத்தால பத்த வையுங்க. கட்டளை வராதப்ப எனேபிளக் கீழ இழுத்து 'நில்'லுலயே வெச்சிருக்கும்."

"கீழ இழுத்துக் கட்டறதா? வாழ்நாள் பூரா அத எதிர்த்து நோட்டீஸ் போட்டவன்கிட்டயா?"

"வையுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பற்ற வைத்தார். கத்தியை மறுபடி இணைத்தார். சுவிட்சை இருபது தடவை போட்டு அணைத்தார். கத்தி அசையவில்லை. பட்டனை அழுத்தினார். சரக்கென்று இறங்கி வெட்டியது.

"பட்டன அமுக்குனா விட்டுக் குடுத்துருதே. இவ்வளவு நோஞ்சானா இது?"

"கட்டளைக்கு விட்டுரும். விரல் காட்டுனப்ப வந்த மாதிரி சும்மா வர்ற சத்தத்துக்கு விடாது."

சவரிமுத்துவின் முகம் கறுத்தது.

பதினொரு வருடத்துக்கு முன் அவர் தலைமையில் சங்கக் குழு மில்லுக்குள்ளே நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. மில் வாசலில் தொழிலாளர்கள் அறுநூறு பேர். தெருவில் ஒரு லாரி டயர் வெடித்தது. துப்பாக்கிச் சூடு என்று யாரோ கத்தினார்கள். கல் பறந்தது. நாற்பத்து மூன்று பேருக்கு வேலை போனது. தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவர் சொல்லி நாகரத்தினம் கேட்ட கதை.

"அது நிர்வாகத்தோட சதி" என்றார் சவரிமுத்து, யாரும் கேட்காமலே. "நாங்க யாரும் கல்லெடுக்கச் சொல்லல."

நாகரத்தினம் பற்றவைக்கும் கோலின் முனையைத் துடைத்தார்.

"உள்ள போறப்ப வாசல்ல யார நிறுத்திட்டுப் போனீங்க, தோழர்?"