வெளிறிய ரோஸ் நிறம்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலே, ஒரே ஒரு ஆய்வுக்கூடம் இருந்ததாம். அங்கே லூர்தம்மாள் மேடத்திடம் இசக்கியப்பன் ஆராய்ச்சி மாணவனாக இருந்தானாம்.

எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும் இல்லையா, ரத்தத்தில் இருக்கிற கொழுப்பும் அப்படிக் காறும். காறினால் மலோன்டையால்டிஹைடு என்றொரு பொருள் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாது. அமிலம் விட்டுக் கொதிநீரில் வைத்தால் குழாய் ரோஸ் நிறமாகும். எவ்வளவு ரோஸோ அவ்வளவு கேடு; அதை மெஷின் நம்பராகச் சொல்லும்.

இசக்கியின் அண்ணன் ஆவுடையப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்; உடம்பில் தேங்குகிற நீரை அதுதான் வெளியேற்றும். தம்பியின் ஆராய்ச்சிக்கு அவரும் ரத்தம் கொடுத்தார், காறலைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் மாதம் நிறம் வெளிறியது. நம்பர் கால்வாசி இறங்கியது.

"மார்க் குறைஞ்சா பாஸ் ஆகுற பரீட்சை இது ஒண்ணுதாம்ல" என்று அண்ணன் சிரித்தார்.

போன வாரம் சிரித்தவரை இன்று காலை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள்.

"மேடம், கேடு குறையுது. ஆளு மட்டும் ஏன் மேடம் வீங்கிட்டே வாராரு?"

மேடம் அண்ணனின் குழாயை எடுத்தார். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

"மெஷின்ல வை."

வைத்தான். நம்பர் இன்னும் இறங்கியது.

"இப்ப உங்க அண்ணனுக்குத் தேவலையா?"

"தண்ணி ஊத்துனா நம்பர் இறங்கத்தானே மேடம்..."

வீங்கித் தோல் மினுங்குகிற அண்ணனின் கால் கண்முன் வந்தது. உடம்பெல்லாம் கோத்துக்கொண்ட நீர். ரத்தத்திலும் அதே நீர்.

"ரத்தம் எடுத்த அன்னைக்கே கால் வீங்கியிருந்துச்சு மேடம். நான் நம்பரைப் பாத்தேன். பாஸுன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் ரெண்டு டயாலிசிஸுக்கு வராம இருந்துட்டாரு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நுரையீரல் பூரா தண்ணியாம். இதயம் தாங்காதுன்னுட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இருந்தாப் பெருசாம்."

"அண்ணன் பேசுறாரா?"

"நம்பர் எவ்வளவுன்னு கேக்காரு மேடம். நான் என்னத்தச் சொல்ல?"

மேடம் கொதிநீர் ஸ்விட்சை அணைத்தார்.

"நம்பரை விடு. அவர் கால்ல கட்டைவிரலை வச்சு அமுக்கு. குழி விழும். அது மெதுவாத் தூர்ந்து சமமாகுற வரைக்கும் பக்கத்துல உக்காரு."

இசக்கி வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வார்டுப் பக்கம் நடந்தான்.