கணப்பும் சொக்கப்பனையும்

மலைமேல் ஒரு மடம். குரு சிவகாமவல்லிக்கு வயசு முப்பத்தெட்டு. அவளுடைய சீடர் வேலப்பருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று விடிகாலையில் சடைச்சி என்கிற பெண் சந்தைக்குப் போகிற வழியில் வலி கண்டு, மடத்து அறையிலேயே பிள்ளை பெற்றாள். எட்டு மாசத்துப் பிள்ளை. அடைமழை வேறு. பாதையில் மண் சரிந்து, ஆஸ்பத்திரி ஜீப் வர சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் பிள்ளை சில்லிட்டுப் போகக் கூடாது. ஒரு கணப்புப் போடுங்கண்ணே" என்றாள் குரு.

வேலப்பருக்குக் கை துறுதுறுத்தது. அறை மூலையில் இருந்த கணப்புக் குழியில் காய்ந்த மூங்கிலும் தைலமரச் சுள்ளியும் அடுக்கிக் கொளுத்தினார். தீ இடுப்புயரம் எழுந்தது.

"எப்படிம்மா?"

"கணப்புப் போடச் சொன்னா சொக்கப்பனை கொளுத்தறீங்களே!"

அடுக்களையில் சடைச்சிக்கு வைத்த கஞ்சி கொதிக்கும் முன்னே தீ படுத்துவிட்டது. போன வாரம் வெட்டிய பலாக்கட்டையைத் தூக்கி வந்தார். புகை மண்டியது. பிள்ளை தும்மியது.

"சாமி, என் புள்ளையக் கருவாடாக்கிடாதீங்க" என்றாள் சடைச்சி.

குரு விறகுக் கொட்டகைக்குப் போனாள். கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். மொத்தென்ற ஈரக்கட்டையை ஒதுக்கினாள். கணீரென்ற புளியங்கட்டை இரண்டை எடுத்து வந்து, கங்கின்மேல் நெருக்கி வைத்தாள். பற்ற வெகுநேரம் ஆனது. அவள் ஊதவில்லை.

"சாம்பல் எங்கண்ணே?"

"காலையிலயே அள்ளிக் கொட்டிட்டேன்மா. பளிச்சுனு இருக்கு, பாருங்க."

"பளிச்சுனுதான் இருக்கு. அடுக்களையில இருக்கறதை அள்ளிட்டு வாங்க."

கட்டைகள் செக்கச்செவேலென்று கனிந்ததும் சாம்பலைத் தூவி மூடினாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். பிறகு போய்ப் பிள்ளைத்துணி மடித்தாள்.

உச்சிப்பொழுது சாய்ந்தது. வேலப்பர் நாலு தடவை எட்டிப் பார்த்தார். வெறும் சாம்பல் மேடு. ஐந்தாம் தடவை பொறுக்கவில்லை. கிளறக் குச்சியை எடுத்தார். குரு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தீயே தெரியலையேம்மா! அணைஞ்சிருந்தா? பச்சப்புள்ளம்மா!"

"அங்க ஏன் பாக்கறீங்க அண்ணே? புள்ள பாதத்தைத் தொட்டுப் பாருங்க."

வேலப்பர் தொட்டார். வெதுவெதுவென்றிருந்தது. ஜீப் வந்து நிற்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.