தூசி வந்த வழி

ஊராட்சித் தலைவர் வீரபத்திரனுக்குத் தன் ஜீப்பின் தங்க நிற ஷாக் அப்சார்பர்களை ஊரே பார்க்க வேண்டும். அதனால் தூசி புகாமலிருக்க மெக்கானிக் நாச்சாயி அவற்றின் மேல் மாட்டியிருந்த ரப்பர் கவர்களைக் கழற்றி எறிந்தார். இரண்டே மாதத்தில் தூசி அரித்து எண்ணெய் ஒழுகியது.

கடைக்கு வந்து கத்தினார். "கவரும் இருக்கக் கூடாது, தூசியும் படக் கூடாது. முடியலைன்னா ஊராட்சி இடத்துல இருக்கிற இந்தக் கடையைக் காலி பண்ணு!"

நாச்சாயி பணிவாகக் கேட்டாள்: "தூசி எங்கிருந்துங்கய்யா வந்துச்சு? நம்ம ரோட்டுக்குப் போன வருஷமே தார் போட்டாச்சுன்னு நீங்க போர்டு வச்சிருக்கீங்களே?"

கடையில் நின்றவர்கள் வாசல் புழுதியைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள்.

"கவரையே மாட்டிடும்மா," என்றார் அவர் தணிந்த குரலில்.

"மாட்டிடறேங்கய்யா. ரோடு எப்போங்க?"

அந்த வாரமே ஊருக்குள் ஜல்லி லாரி வந்தது.