இருளாயி விழுங்கிய விம்மல்

அந்தக் காலத்தில் காக்கைக்கும் கிளிக்கும் செடி கொடிக்கும் மனிதர்களோடு பேச்சுவார்த்தை இருந்தது. ஆனால் மனிதர்களுக்கு விக்கல் என்று ஒன்று கிடையாது. மிளகாயையும் அவர்கள் தின்றதில்லை. அது வேலி ஓரத்தில் தானாக முளைக்கும், காய்க்கும், பழுத்து நிற்கும். கிளிகள் வந்து கொத்திக்கொண்டு போகும். கிளிக்குக் காரம் தெரியாது. மனிதர்கள் என்றைக்கோ ஒரு தடவை கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, அதற்குப் பேய்ப்பழம் என்று பேரும் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்று பூக்கும் பூசணிக்குக் கிடைத்த மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை.

அப்போது ஒரு கரிசல் காட்டு ஊரில் தொடர்ந்து மழை பொய்த்தது. கண்மாய் வறண்டு வெடித்தது. ஆண்கள் பாதிப் பேர் மாடுகளை ஓட்டிக்கொண்டு புல் இருக்கிற சீமையைத் தேடிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மழை என்பது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டு வருகிறவரைப் போல. வழியில் இழவு வீட்டுச் சத்தம் கேட்டால் அப்படியே திரும்பிப் போய்விடும். அதனால் மழை பெய்கிற வரைக்கும் ஊரில் யாரும் அழக்கூடாது. அழுதவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும், மழை பெய்த பிறகுதான் திரும்பி வரலாம். கைப்பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. பட்டினி கிடக்கிறவன் அழவும் கூடாது என்றால் அது என்ன நியாயமோ, எனக்குத் தெரியவில்லை. பயந்துபோன ஜனங்கள் போடுகிற சட்டம் அப்படித்தான் இருக்கும்.

காவலுக்குக் காக்கையை வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு உருண்டை கூழ் அதற்குக் கூலி. கூரைக்குக் கூரை தாவி, யார் கண் கலங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. காக்கை அதை மனசாட்சியோடு செய்தது. இந்த மாதிரி வேலையை மட்டும் எல்லோரும் மனசாட்சியோடு செய்துவிடுகிறார்கள்.

சட்டம் போட்ட ஊர்ப் பெரியவர் வீரணனின் வீட்டிலேயே அந்தச் சட்டம் முதலில் போய் விழுந்தது. அவருடைய ஒரே மகள் வெள்ளச்சி, தான் வளர்த்த கன்றுக்குட்டி செத்துப்போனதற்குத் தேம்பித் தேம்பி அழுதாள். காக்கை கத்தியது, ஊர் கூடியது. எல்லோரும் வீரணன் வாயையே பார்த்தார்கள். அவர் தன் வாயாலேயே மகளை வெளியே போகச் சொன்னார். அவள் எல்லை தாண்டி, பக்கத்து ஊரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து வீரணன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. தன் மகளுக்கே இரக்கம் காட்டாதவர் மற்றவர்களுக்கா காட்டப் போகிறார் என்று ஊரே நடுங்கியது.

அந்த ஊரில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். தூரத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். புருஷன் மாட்டோடு போயிருந்தான். வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மாமியார் மாயக்காவும்தான். மாயக்காவின் நாக்கு ஊருக்கே தெரிந்த நாக்கு. கூழில் உப்புக் குறைந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

இருளாயி பிறந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு கிளி போய் வந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் அதனிடம்தான் சேதி சொல்லி அனுப்புவார்கள். ஒருநாள் இருளாயி விறகு பொறுக்கிக்கொண்டு வரும்போது அந்தக் கிளி அவள் வீட்டு வேலி மேல் வந்து உட்கார்ந்தது. எப்போதும் தூரத்திலேயே பேச ஆரம்பித்துவிடும். அன்றைக்குத் தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. பிறகு சொன்னது.

"ஒங்க ஆத்தா போயிட்டாக, இருளாயி. பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சான்னு கேட்டாக. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்னு கெளம்புனேன். நான் திரும்புறதுக்குள்ள தூக்கிட்டாக."

இருளாயிக்கு வயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. கூரை மேல் காக்கை கழுத்தைத் திருப்பியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுதால் வெளியேற்றிவிடுவார்கள். தண்ணீரும் நிழலும் இல்லாத பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குள் வந்தாள். பெற்றவள் செத்த சேதியைக் கேட்டுவிட்டு அடுப்பு மூட்டினாள்.

அழுகையை அடக்கிவிட்டாள். ஆனால் அன்று மாலையே அவளுக்குப் பால் நின்றுபோனது. பிள்ளை மாரைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. மறுநாளும் அப்படித்தான். ஆட்டுப்பால் வாங்கலாம் என்றால் ஊரில் ஆடுகளுக்கே மடி வற்றிக் கிடந்தது. மாயக்கா ஒன்றும் கேட்கவில்லை. கம்பங்கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தாள். பிள்ளையின் அழுகை வரவரப் பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி சிறுத்துக்கொண்டே போனது.

இருளாயி வேலி ஓரத்தில் போய் நின்றாள். இனிமேல் அழுதாலும் பிள்ளை போய்விடும், அழாவிட்டாலும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது காலடியில் இருந்து யாரோ பேசினார்கள். பார்த்தால் அந்தப் பேய்ப்பழச் செடி.

கிளி தன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டதாக அது சொன்னது. தன்னைக் கடித்தால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டும், துக்கம் இருந்தாலும் கொட்டும், இல்லாவிட்டாலும் கொட்டும் என்றது. என்னைத் தின்று அழு, கேட்டால் காரம் என்று சொல், யார் என்ன செய்ய முடியும் என்று வழி சொல்லிக் கொடுத்தது. தனக்குக் கைம்மாறாக ஒன்றும் வேண்டாம், அடுப்படியில் ஒரு மூலையில் இடம் கொடுத்தால் போதும் என்றது. அதுவரை எந்த வீட்டுக்குள்ளும் யாரும் கூப்பிடாத செடி அது.

கடைசியில் ஒரு எச்சரிக்கையும் சொன்னது. "கண்ணீரை நான் பாத்துக்குவேன். விம்மல் வந்தா, அதக் காத்தா ஊதி வெளிய விட்டுரு. மறந்தும் முழுங்கிராத. என்னையும் விம்மலையும் ஒரே வாயில முழுங்குனா ரெண்டும் உள்ள சும்மா இருக்காது."

இருளாயி கை நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். உப்பும் புளியும் வைத்து அம்மியில் அரைத்தாள். கூழைக் கரைத்து, துவையலைத் தொட்டு முதல் வாய் வைத்தாள். நாக்கில் தீப்பிடித்தது. கண்ணில் கரகரவென்று தண்ணீர் கொட்டியது. ஆத்தா, ஆத்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த வாய் வைத்தாள். விம்மல் வந்தபோதெல்லாம் செடி சொன்னபடி உஸ், உஸ் என்று ஊதி வெளியே விட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ரவிக்கை இல்லாத காலம், முந்தானை ஈரமாவதை அவளே பார்த்தாள். பால் சுரக்க ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காக்கை கத்தியது. "இருளாயி வீட்ல கண்ணீர்! இருளாயி வீட்ல கண்ணீர்!"

ஊரே ஓடி வந்தது. வாசலில் நிழல் விழுந்தது. கையில் கம்போடு வீரணன் குனிந்து உள்ளே வந்தார். இருளாயியின் வாயில் அப்போதுதான் வைத்த துவையல் இருந்தது. தொண்டையில் அன்றைக்கு வந்ததிலேயே பெரிய விம்மல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. ஊதினால் இவருடைய முகத்திலேயே ஊத வேண்டும். பயத்தில் அவள் செடி சொன்னதை மறந்தாள். துவையலையும் விம்மலையும் சேர்த்து ஒரே மடக்காக விழுங்கிவிட்டாள்.

அழுதாயா என்று வீரணன் கேட்டார். இல்லை, காரம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. உள்ளே போன விம்மல் காரத்தோடு ஒத்துப்போகாமல் மேலே துள்ளி வந்தது. வெளியே வரவும் வழி தெரியாமல் தொண்டையில் முட்டி நின்றது. "விக்" என்று ஒரு சத்தம் கேட்டது. நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போட்டது. மறுபடியும் "விக்". அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

அது அழுகைச் சத்தம்தான் என்றது காக்கை. கூட்டத்திலும் ஆமாம் என்று ஒன்றிரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்த மாயக்கா எழுந்து வந்தாள். போச்சு, மருமகளைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருளாயியும் அப்படித்தான் நினைத்தாள்.

மாயக்கா பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்ததே அவ்வளவுதான். அதை மருமகள் கையில் கொடுத்து, உச்சந்தலையில் மெல்லத் தட்டினாள்.

"குடி தாயி, குடி" என்றாள். பிறகு வீரணனைப் பார்த்துச் சொன்னாள். "அழுக இல்லண்ணே. கண்ணுல தண்ணி இந்தத் துவையல் காரத்துல வந்தது. அவள யாரோ நெனைக்காக. பொறந்த ஊர்ல இருந்து நெனைக்காக. அதான் அப்பிடித் தூக்கிப் போடுது."

இருளாயி செம்பை வாயில் வைத்தபடியே மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். மாயக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிளி சும்மா உட்கார்ந்திருந்ததையும், பால் நின்றதையும் பார்த்தவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீரணன் அதை நம்பவில்லை. கண்ணீருக்குக் காரம்தான் காரணம் என்றால் அது தனக்கும் வர வேண்டுமே என்றார். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கூழில் துவையலைத் தாராளமாகத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. மீசையில் தண்ணீர் இறங்கியது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. கண்ணீர் ஒரு தடவை திறந்துகொண்டால், எதற்காகத் திறந்தது என்று அது பார்ப்பதில்லை. மகளை அனுப்பிய அன்று அவர் அடக்கிவைத்தது அத்தனையும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. இத்தனை பேர் முன்னால் அதை எப்படி வெளியே விடுவார்? அவரும் விழுங்கினார்.

"விக்."

யாரும் சிரிக்கவில்லை. மாயக்கா செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை வாங்கி அவரிடம் நீட்டினாள். அவளுடைய குரல் இவ்வளவு தணிந்து அந்தத் தெரு கேட்டதே இல்லை.

"குடிங்கண்ணே. ஒங்களயும் யாரோ நெனைக்காக."

வீரணன் செம்பை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். யார் நினைக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எழுந்தார். கம்பை எடுத்துக்கொண்டார். காரத்தில் வருகிற கண்ணீருக்கு ஊரில் தடை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பாமல் எல்லைக்கல் இருக்கிற பக்கமாக நடந்தார். போகிற வழியெல்லாம் அவருக்கு விக்கிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்போது வெள்ளச்சியோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் துவையல் அரைக்காத வீடு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அடக்கிவைத்த துக்கம் ஏதாவது ஒன்று இருந்திருக்கும் போலிருக்கிறது. எல்லோரும் தின்றார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், என்ன காரம், என்ன காரம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். காக்கைக்கு வேலை போனது. வேலி ஓரத்தில் நின்ற செடிக்கு வீட்டுக்கு வீடு அடுப்படியில் இடம் கிடைத்தது. இருளாயியின் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. மழை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, அது வருகிற நேரத்துக்கு. யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று அது விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் காரத்தோடு சேர்த்து விழுங்கிய அந்த விம்மல் மட்டும் மனிதர்களின் தொண்டையை விட்டுப் போகவே இல்லை. அன்று முதல்தான் காரமாக எதையாவது தின்றால் நமக்கு விக்கல் எடுக்கிறது. அன்று முதல்தான் யாராவது விக்கினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறோம், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்கிறோம்.