இன்டு போட்ட இடத்தில்

"தனி முதலாளியா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லித் தொலைங்க சாமி. அலைஞ்சு அலைஞ்சு செருப்பே தேஞ்சு போச்சுங்க."

சாமியார் என்றும் பார்க்காமல் எரிந்து விழுந்தான் குழந்தைவேலு.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெண்டாட்டி சாந்தாமணி அரைக்கிற அரப்புப் பொடிக்கு அவ்வளவு கிராக்கி. தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் ஆள் விட்டுக் கேட்கிறார்கள். சரி, முறையாகப் பதிவு செய்வோம் என்று போனால், ஒரு ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், அடுத்தவர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

சென்னிமலை அடிவாரத்தில் குடிசை போட்டிருந்த இந்தச் சாமியாரும் காவி கட்டுவதற்கு முன்னால் ஆடிட்டர்தான். கணக்கு வழக்கே வேண்டாம் என்றுதான் மனிதர் இங்கே ஓடி வந்தார். விட்டார்களா? முக்தி கேட்டு ஒருத்தரும் வரவில்லை. ஜிஎஸ்டி கேட்டுத்தான் வந்தார்கள்.

"யார் பேர்ல?" என்றார் சாமியார், கண்ணைத் திறக்காமலே.

"சம்சாரம் பேர்லதானுங்க. முன்னால ஒரு மோட்டார் கடை வெச்சுப் படுத்துப் போச்சு. என் பேரைச் சொன்னா பேங்க்ல உள்ளயே விட மாட்டாங்க."

"அப்ப முதலாளி அந்தம்மா."

"பேருக்குத்தானுங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்குவேன்."

"தனி முதலாளின்னா, தொழில் முழுகினா யார் முழுகறது?"

"நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப என்னங்க சாமி இப்படி..."

"யார் முழுகறது?"

குழந்தைவேலுவுக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் பதில் தெரியும். கடன் கடையோடு நிற்காது. சாந்தாமணிக்கு அவள் அப்பா எழுதி வைத்த வீடு வரைக்கும் வரும். அவர்கள் குடியிருப்பதே அந்த வீட்டில்தான்.

"அவதானுங்க."

"பார்ட்னர்ஷிப்னா?"

"ரெண்டு பேருமுங்க."

"பிரைவேட் லிமிடெட்னா?"

"போட்ட காசோட போகுமுங்க. ஆனா அதுக்குச் செலவு ஜாஸ்தி."

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கே. அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா பயந்துக்குவா சாமி. நான் பென்சில்ல இன்டு மார்க் போட்டு நீட்டுவேன், அந்த இடத்துல கையெழுத்துப் போடுவா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா. தங்கமான பொம்பள."

பெருமையாக ஃபைலைத் திறந்து காட்டினான். மூன்று வகைக்கும் தாள்கள், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் இன்டு. கடைசியில் சில வெற்றுத் தாள்கள். அவற்றிலும் கீழே சாந்தாமணியின் கையெழுத்து.

சாமியார் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"இது எதுக்கு?"

"அவசரத்துக்குங்க."

சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல உக்காந்திருந்தப்பவும் இதே. இங்க வந்தும் இதே. இன்னும் எந்த மலைக்குத்தான்யா நான் போறது?"

குழந்தைவேலு முழித்தான்.

"அந்தம்மா எங்கே?"

"வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்திருக்குதுங்க."

"நீ போய் அங்க உக்காரு. அந்தம்மாவை உள்ள அனுப்பு. பென்சிலை வெச்சுட்டுப் போ."

போனான். மரத்தடியில் எறும்பு. கடித்துப் பிடுங்கியது. கேட்டதற்குப் பதில் சொல்லச் சாமியாருக்குத் துப்பில்லை, இதில் பென்சில் வேறு பிடுங்கிக்கொண்டாயிற்று என்று முணுமுணுத்தான்.

உள்ளே சாந்தாமணியின் குரல் கேட்டது. ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் வாயைத் திறக்காதவள் இங்கே என்னத்தைக் கேட்கிறாள் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு வழியாக வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு கையில் ஒரு தாள், மறு கையில் அவன் பென்சில்.

"ஏனுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாளின் கீழே பென்சிலால் ஒரு இன்டு. மேலே ஒன்றுமே இல்லை.

"என்ன புள்ள, வெறும் தாளா இருக்குது?"

"அவசரத்துக்குத்தானுங்க."

"என்னத்தை எழுதப் போறே இதுல?"

"அப்பறமா எழுதிக்கலாம். போடுங்க."

"அதெப்படிப் போடறது? என்ன ஏதுன்னு தெரியாம எவனாச்சும்..."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஃபைலைப் பார்த்தான்.

சாந்தாமணி தாளை நீட்டியபடியே நின்றாள்.

"எங்கப்பா கட்டின ஊடுங்க அது," என்றாள்.

அவன் ஃபைலைத் திறந்தான். அவள் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களை எடுத்தான். ஒவ்வொன்றாகக் கிழித்தான். வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உக்காரு சாந்தா. முதப் பக்கத்துல இருந்து வாசிக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். "மூணு வகையையும் வாசிங்க. எதுன்னு நான் சொல்றேன்."

வாசித்தான். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். சொன்னான். முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே வெயில் மரத்தடிக்கு வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு பக்கம் முடிந்ததல்லவா? பழக்க தோஷத்தில் இன்னொரு இன்டு போட, பென்சிலுக்காக அவளிடம் கையை நீட்டினான்.

"பென்சில் என்கிட்டயே இருக்கட்டுங்க," என்றாள் சாந்தாமணி. "நீங்க அடுத்த பக்கத்தை வாசிங்க."