முதல் வீச்சு யாருக்கு?

கொட்டாம்பாறைக்காரர்களைப் பற்றி ஊர் உலகம் ஆயிரம் சொல்லும். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். இருந்தாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

அந்த ஊர் ஏரிக்கரையில் புதிதாகத் தட்டு வீசும் மைதானம் திறந்தார்கள். கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. அதில் பிளாஸ்டிக் தட்டை வீசிப் போட வேண்டும். இப்படி ஒன்பது கூடை. 'புதியவர்களுக்கு மிக எளிது' என்று வாசலில் எழுதியிருந்தது. எழுதியவர் வெளியூர்க்காரர், பாவம்.

முதலில் முடிப்பவருக்குக் கோப்பை. வெள்ளியங்கிரிக்கு அந்தக் கோப்பை வேண்டியே இருந்தது. மச்சான் வீட்டில் கபடிக் கோப்பை ஏழு வரிசையாக நிற்கிறது. இவர் வீட்டிலோ அலமாரித் தட்டு ஒன்றைத் துடைத்துத் துணி விரித்து வைத்திருந்தாள் மனைவி சரசாள்.

"ஏனுங்க, இன்னைக்கும் கைய வீசீட்டு வந்தீங்கன்னா, அதுல உங்களத்தான் ஏத்தி உக்கார வெக்கோணும்."

செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

கூட வந்தவர்கள் குப்பண்ணனும் சென்னிமலையும். பலகையில் முதல் விதி: 'வீசும் முன் எதிரே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.' சென்னிமலை கூடை வரைக்கும் நடந்துபோய் உறுதி செய்தார்.

"யாருமில்லீங்கோ!"

"நீயே நிக்கறயேப்பா!" என்றார் வெள்ளியங்கிரி.

அவரைக் கூட்டிவரக் குப்பண்ணன் போனார். இப்போது எதிரே இரண்டு பேர். இரண்டு பேரையும் அழைத்துவர வெள்ளியங்கிரியே போனார். மூவரும் கூடையடியிலிருந்து வீசும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப அங்க வீசறதுக்கு ஆளில்லீங்களே" என்றார் குப்பண்ணன் கவலையாக.

வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டு கூடையடியிலேயே நிற்பது, அவரை ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. சென்னிமலைக்கும் அது நியாயமாகவே பட்டது.

இரண்டாம் விதிதான் வினையானது. 'கூடைக்கு அதிகத் தூரத்தில் இருப்பவரே முதலில் வீச வேண்டும்.'

வெள்ளியங்கிரி நைசாக ஓரடி தெற்கே பின்வாங்கினார். குப்பண்ணன் வடக்கே இரண்டடி. இவர் நான்கு. அவர் வேலியைத் தாண்டினார். இவர் மேட்டுக்காட்டைத் தாண்டினார். அதற்குப் பிறகு போன்தான்.

"மாமா, நான் சேலத்துல நிக்கறேன். வீசிப் போடட்டுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"இருப்பா. நான் திண்டுக்கல்லு."

"அப்படீங்களா? ஓசூர் பஸ்சு நிக்குதுங்க. ஏறிக்கறேன்."

வெள்ளியங்கிரிக்கு அழுகையே வந்துவிட்டது. அலமாரி கண்முன்னால் நின்றது. நல்லவேளையாக, ஓசூர் பஸ்ஸில் தூங்கிப்போன குப்பண்ணன் அதே பஸ்ஸில் திரும்பிவந்து சேலத்திலேயே கண்விழித்தார்.

மறுநாள் காலை வெள்ளியங்கிரி கன்னியாகுமரியில், முழங்கால் அளவு கடலில் நின்றார். அதற்குமேல் பின்வாங்க நாட்டில் இடமில்லை. முதல் வீச்சு சந்தேகமில்லாமல் அவருடையதுதான். வடக்கே திரும்பி, குலதெய்வத்தைக் கும்பிட்டு, முழு பலத்தோடு வீசினார். தட்டு காற்றில் ஏறி ஒரு லாட்ஜ் மாடிக்குப் பின்னால் மறைந்தது. போகிற வேகத்தைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது.

உடனே சென்னிமலைக்குப் போன் போட்டார்.

"தட்டு வந்து உழுந்துச்சாப்பா?"

"இன்னும் இல்லீங்க. எப்ப வீசுனீங்க?"

"இப்பத்தான்."

"அப்பத் திருநெல்வேலி தாண்டோணுமுங்களே. வரட்டும், வரட்டும். நேத்துலேந்து நான் நகரவே இல்லீங்க. இங்க மழ வேற புடிச்சிருச்சு. கூடை நனையக்கூடாதுன்னு அதும்மேல கொடைய விரிச்சுப் புடிச்சுட்டு நிக்கறனுங்க."

"நல்ல காரியம் பண்ணுனே" என்றார் வெள்ளியங்கிரி. "கொடைய எறக்கிப்போடாதே. நனைஞ்ச கூடைல உழுந்தா கோப்பை தர மாட்டேன்னு சொல்லிப்போடுவாங்க."