ஏட்டையா ஊறவைத்த லீவர்

கேள்வி கேட்டே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர் ஏட்டையா சங்கரபாண்டி. போலீஸ் வேலையில் ஓய்வு பெற்றதும், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிக் கடைக்கு வாட்ச் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். குரு ஜெசிந்தா, அவர் மகளைவிட இரண்டு வயது இளையவள். வெளிநாட்டு விலை உயர்ந்த வாட்ச் என்றால் மதுரையிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள்.

அன்று மேசையில் பிரித்து வைத்திருந்தது ஒரு தங்க வாட்ச். அதன் விலைக்கு ஊரில் ஒரு வீடு வாங்கலாம். பாட்டரி கிடையாது. உள்ளே முடுக்கிய சுருள் ஒரே மூச்சில் அவிழப் பார்க்கும். லீவர் என்கிற குட்டிக் கவை, தன் இரண்டு நுனியிலும் இருக்கிற சிவப்புக் கற்களால் பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும். அதுதான் டிக் டிக். ஒரு கல், எள்ளைக் கத்தியால் நறுக்கினால் விழுமே, அந்தத் துணுக்கு அளவுதான்.

மத்தியானம் ஜெசிந்தா பேங்கிலிருந்து திரும்பியபோது ஏட்டையா வாசலிலேயே விறைப்பாக நின்றார்.

"மேடம், லீவர்ல ஒரு கல்லைக் காணோம்."

"இசக்கி எங்க?"

"அவளைத்தான் விசாரிச்சேன்."

வாட்ச் பாகங்களைக் கழுவிக் கொடுக்கிற வேலை இசக்கியம்மாளுக்கு. ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறாள்.

"என்ன விசாரிச்சீங்க?"

"பையைக் கொட்டச் சொன்னேன். சீப்பு, டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை. கல் இல்ல. 'முந்தானையும் உதறணுமா, நல்லாப் பாத்துக்கிடுங்க'ன்னு உதறிக் காட்டினா. பையைக்கூட மூடல, விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டா. இனி வர மாட்டாளாம். தப்பு செய்யாதவளுக்கு எதுக்கு மேடம் அம்புட்டு கோவம்?"

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"லீவரைக் கடைசியாத் தொட்டது யாரு?"

"அவதான். கழுவி மூடி வச்சா."

"அப்புறம்?"

"யாரும் தொடல." ஏட்டையா தொண்டையைச் செருமினார். "நான் மட்டும் இன்னொரு தடவை ஊறப்போட்டேன்."

"எதுல?"

"ஸ்பிரிட்ல. இவ்வளவு நல்ல ஸ்பிரிட் இருக்க, இந்த லீவரை மட்டும் அவ பெட்ரோல்ல கழுவுறா மேடம். மிச்சம் பிடிக்கிற ஸ்பிரிட் எங்க போகுதுன்னு எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம்."

"அதை அவகிட்ட கேட்டீங்களா?"

"சந்தேகப்பட்ட ஆள்கிட்டயே போய்க் கேக்க முடியுமா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பழைய லீவரை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டாள்.

"இதைப் பாத்துக்கிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"நீங்க எவ்வளவு நேரம் ஊறப்போட்டீங்க?"

"சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும்."

"அப்ப அவ்வளவு நேரம்."

லாக்கப்பைப் பார்ப்பதுபோல் ஏட்டையா கிண்ணத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மேடம் எதையோ மறைக்கிறாளோ என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா லீவரை இடுக்கியால் லேசாக அசைத்தாள். ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுகிற மாதிரி, கல் தானாகக் கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

ஏட்டையா நிமிர்ந்தார். "அதை எதை வச்சு ஒட்டியிருக்கு?"

"அரக்கு. ஸ்பிரிட்ல கரைஞ்சிரும், பெட்ரோல்ல கரையாது. அவ பெட்ரோல்ல கழுவுறது அதுக்குத்தான்."

அவர் எழுந்துபோய்த் தான் லீவரை ஊறப்போட்ட கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். அடியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"இருக்கு! கிடைச்சிருச்சு மேடம்! கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சிருச்சா?"

ஏட்டையாவின் முகம் மெல்ல இறங்கியது. லென்ஸைக் கழற்றினார்.

"இனிமே யாரையும் சந்தேகப்பட மாட்டேன் மேடம்."

"அப்படின்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம். சந்தேகப்படாத ஆள் கையில நான் வாட்ச் கொடுக்கிறதில்ல. உங்க கையையும் சேத்துச் சந்தேகப்படுங்க."

ஏட்டையா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே இசக்கிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க கூப்பிட்டா வருவா."

"பையைக் கொட்டச் சொன்னது நானா?"

"அதுக்காக இந்த வயசுல அவ வீட்டு வாசல்ல போய் நிக்கணுமா?"

"வீட்டுக்கு அப்புறமாப் போகலாம்." ஜெசிந்தா கல்லை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். "கீழ ஜெராக்ஸ் கடை இருக்கு, டீக்கடை இருக்கு, பூ கட்டுற அக்கா இருக்காங்க. திறந்த பையோட அவ யார் யாரைத் தாண்டிப் போனாளோ, முதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க, ஏட்டையா."